கடைசி எட்டு நிமிடம்

மூன்றாம் அரங்கின் பின்கதவைத் தள்ளிக்கொண்டு
கைவிளக்கோடு நான் வந்து நிற்கும்போது
அவள் எப்போதும் மேசைமேல் ஏறியிருப்பாள்.
இந்த ஜூன் விடுமுறையில் மட்டும் நாற்பத்தொரு முறை.

பள்ளி உணவகம். காற்றில் துண்டறிக்கைகள்.
தலைமையாசிரியர் முகம் சிவந்து, பிறகு வெளுத்து.
பாவாடையின் நீளத்தை அளக்கிறீர்களே,
எங்கள் பொறுமையின் நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள்
என்பது நானாகத் தமிழில் வைத்துக்கொண்டது.
திரையில் ஆங்கிலம், அடியில் சீனம்.
கைதட்டல். பாட்டு. பெயர்கள் ஏறும்.
நான் விளக்கைப் போடுவேன்.

எப்படித் தொடங்கியது என்று எனக்குத் தெரியாது.
யார் அவளை அழவைத்தார்கள்,
அந்தத் துண்டறிக்கைகளை எந்தக் கடையில் அச்சடித்தாள்,
காசு யார் கொடுத்தது.
முடிவு மட்டுமே எனக்கு.
அவள் வென்ற இடத்திலிருந்து என் வேலை:
சோளப்பொரி, ஐஸ் கரைந்த கோப்பை,
ஒருநாள் ஒற்றைக் காதணி.
திரைக்குள் அவள் வீசிய தாள்களை
யார் பெருக்கியிருப்பார்கள் என்று
துடைப்பம் பிடித்த கைக்குத்தான் தோன்றும்.

எழில்விழி என்பது பெயர்ப்பட்டைக்கு நீளமாம்.
எலி என்று அடித்துத் தந்தார்கள்.
ஆங்கிலத்தில் அழகான பெயர் என்றார் மேலாளர் திரு கோ.
இருட்டில் இருக்கைகளுக்கடியில் தவழ்பவளுக்குப்
பொருத்தம்தான் என்றேன், தமிழில்.

பையன்களுக்குக் காற்சட்டை.
எங்களுக்கு முழங்காலுக்கு மேல் நிற்கும் பாவாடை.
குனிந்தால் பின்வரிசையில் கைப்பேசி வெளிச்சம்.
நாற்பத்தொன்றாவது உரை முடிந்த இரவு
மார்சிலிங் போகும் ரயிலில் நின்றபடி
ஊழியர் குழுவில் எழுதினேன்:
நாங்களும் காற்சட்டை போடலாமா?
சிரித்த முகம் ஒன்றும் சேர்த்தேன், பயத்துக்கு.
பதினேழு பேர் பார்த்தார்கள்.
ஷூ மின் ஒரு கட்டைவிரல் வைத்தாள்.
ஈசூன் தாண்டுவதற்குள் எடுத்துவிட்டாள்.

சனிக்கிழமை ஹிதாயா காற்சட்டையில் வந்தாள்.
மேசைமேல் ஏறவில்லை. ஒன்றும் சொல்லவில்லை.
சோளப்பொரி இயந்திரத்தைத் துடைக்கத் தொடங்கினாள்.
பத்து நிமிடத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.
எட்டு மணி நேரம், மணிக்குப் பத்து வெள்ளி.
அந்த எட்டு மணி நேரத்தை
உனக்கு வேண்டுமா எலி என்று கேட்டார்கள்.

வேண்டும் என்றேன்.

இதைச் சொல்ல எனக்கு மேடை கிடையாது.
பின்னணி இசையும் கிடையாது.
அன்று மாலையும் அவள் பேசினாள், திரையில்,
நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுவாரம் ஹிதாயாவிடம்
எண்பது வெள்ளியில் பாதியை நீட்டினேன்.
நாற்பதை எண்ணிப் பார்த்தாள்,
மீதி எங்கே என்றாள், சிரிக்காமல்.
கொடுத்தேன்.
பிறகுதான் பேசினாள்: இலவசச் சீட்டு இருக்கிறது,
வா, அந்தப் படத்தை முதலிலிருந்து பார்ப்போம்.

முதல் காட்சி: அவள் தூங்குகிறாள்.
அலாரம் அடிக்கிறது. அணைக்கிறாள்.
மறுபடி அடிக்கிறது. மறுபடி அணைக்கிறாள்.
தனி அறை, பால்கனி, அதற்கப்பால் ஒரு மரம், அதுவும் அவளுடையது.
தாமதமாகப் போகிறாள்.
யாரும் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை.
ஹிதாயா சத்தமாகச் சிரித்துவிட்டாள்,
முன்வரிசை திரும்பிப் பார்க்கும்படி.

ஆனாலும் அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்திருந்தது.
நடுவில் ஓரிடத்தில், கழிப்பறையில்,
குரல் நடுங்கப் பேசிப் பழகுகிறாள்.
அது எனக்குக் காட்டப்படாத இடம்.

கடைசி ரயிலுக்கு நேரமாகிவிட்டது.
அவள் மேசையில் கால் வைக்கும்போது எழுந்தோம்.
கதவருகே கைவிளக்கோடு ஷூ மின்.
காற்சட்டையா பாவாடையா
என்று இருட்டில் தெரியவில்லை.