மஞ்சள் கேட்கிறது

காணாமல் போன நாய் கறுப்பு.
முன்னங்கால் ஒன்றில் மட்டும்
சாக்ஸ் மாட்டியதுபோல் வெள்ளை.
இதில் மஞ்சளுக்கு என்ன வேலை?
பிரிண்டர் மஞ்சளைத்தான் கேட்கிறது.

கார்ட்ரிட்ஜ் அடையாளம் தெரியவில்லை
என்று அதே வரி,
அதே ஆரஞ்சு விளக்கு.
போன வியாழன் ராத்திரி
தானாகவே ஏதோ உத்தரவை இறக்கிக்கொண்டது.
அன்றிலிருந்து
மூன்று மாதம் கூடவே இருந்த மஞ்சளைப் பார்த்து
நீ யார் என்கிறது.

லிசாந்த்ரோ பாரியா கவுண்டரில் சாய்ந்து நிற்கிறார்.
நண்டுப் படகிலிருந்து நேரே வந்தவர்.
கடை முழுக்க அந்த வாடை.
"இருபது போதும், எதுவீஹெஸ்.
காற்று பத்தைக் கிழித்தாலும் பத்து மிஞ்சும்."

மூடியைத் திறக்கிறேன்.
பல்லக்குபோல ஆடி வந்து
நடுவில் நிற்கிறது மைப்பெட்டி வரிசை.
மஞ்சளைக் கழற்றி, சொடுக்கும்வரை அழுத்துகிறேன்.
தெரியாது.
செப்புப் பொட்டுகளை
மூக்குக் கண்ணாடித் துணியில் ஸ்பிரிட் நனைத்துத் துடைக்கிறேன்.
தெரியாது.
பிளக்கைப் பிடுங்கிவிட்டு
இரண்டு பேரும் ஒரு குவளை மாத்தே முடிக்கிறோம்.
அவர் நாயைப் பற்றிச் சொல்கிறார்:
பெயர் லாப்பா,
பாறையில் சிப்பிபோலப் படகில் ஒட்டிக்கிடக்கும்,
பதினோரு வருசம்,
வேறு யார் கையாலும் தின்னாது.
பிளக்கை மாட்டுகிறேன்.
தெரியாது.

அசல் மஞ்சள் வாங்க
புந்தா அரேனாசுக்கு மூன்று மணி நேரம் பஸ்.
விலையோ ஒரு ஆட்டுக்குட்டி.
எங்கள் மாகாணத்துக்குப் பெயரே கடைசி நம்பிக்கை.
வரைபடத்திலும் அப்படித்தான் போட்டிருக்கும்.
வாடிக்கையாளரிடம் அதைச் சொல்லிச் சிரிப்பதை
நான் விட்டுப் பல காலமாகிறது.

பிறகு ஞாபகம் வந்தது.
குப்பைக் கூடையில்
அசல் மஞ்சளின் காலி உடம்பு இன்னும் கிடக்கிறது.
பேனாக்கத்தியால் அதன் சிப்பைப் பெயர்த்து
நிரப்பிய மஞ்சளின் நெற்றியில்
ஒரு துளி பசையால் ஒட்டினேன்.
செத்தவன் அடையாள அட்டையோடு
இருப்பவன் உள்ளே போனான்.

விளக்கு பச்சை.
"தெரியும்," என்றது பிரிண்டர்.
"ஆனால் காலி," என்றது.
விளிம்புவரை மை தளும்பும் பெட்டியைப் பார்த்து.
இருக்கட்டும். அடி.

முதல் தாளில் நாய் கத்தரிக்காய் நிறத்தில் வந்தது.
லிசாந்த்ரோ தலையை ஒருக்களித்துப் பார்த்தார்.
"காது சரியாக இருக்கிறது."

நான்காவது தாளின்போது
உறைகள் வாங்க வந்த ரொட்டிக்கடை நோல்ஃபா
"அட, நம்ம சார்ஜென்ட்" என்றாள்.
"காலையில் மாட்டு ஈரல் தின்றுவிட்டுத்தானே போனான்?"
லிசாந்த்ரோ ஒன்றும் சொல்லவில்லை.
ஆறாவது தாளை
பள்ளிக்கூடத்துப் பையன் எட்டிப் பார்த்துக் கத்தினான்:
"குந்துமணி!"
அவன் சொன்ன ஸ்பானியச் சொல்
அதுவல்ல, ஆனால் அவ்வளவு சின்னது,
அவ்வளவு பளபளப்பானது.
ஞாயிறுகளில் அவர்கள் வீட்டு
அடுப்பருகேதான் படுக்குமாம்.

லிசாந்த்ரோ தொப்பியைக் கழற்றினார்.
திரும்பவும் போட்டுக்கொண்டார்.
"நிறுத்து," என்றார்.
"பெயர் வரிசையில்
மூன்றையும் போட முடியுமா?"

திருத்தினேன். அழுத்தினேன்.
ஆரஞ்சு விளக்கு.
இப்போது அதற்கு நீலத்தையும் தெரியவில்லை.

ஆறு தாளைச் சட்டைக்குள் சொருகிக்கொண்டு
காற்றுக்குள் இறங்கினார் அவர்.
கதவை மூட இரண்டு கை வேண்டியிருந்தது.

ராத்திரி மூன்றரை இருக்கும்,
மாடியில் படுத்திருக்கிறேன்.
கீழே பல்லக்கு நகரும் சத்தம்.
யாரும் தொடவில்லை.
எதை எப்போது யோசித்துத் தெரிந்துகொண்டதோ,
இறங்கிப் போனால்
தட்டில் ஏழாவது தாள்:
மேலே மூன்று பெயர்,
கீழே காது, கண், வயிறு,
ஒரு வெள்ளைக் காலின் பாதி.
மீதிக்குக் காகிதம் கேட்டு
விளக்கு மினுங்கிக்கொண்டிருந்தது.
வைத்தேன்.