பயணத்தின் நோக்கம்

கலெக்டர் ஆபீசுக்கு எதிரே
ஒரு ஜெராக்ஸ் மிஷினும் மூன்று பேனாவும் என் கடை.
பாரம் நிரப்பித் தர முப்பது ரூபாய்.
அழுதுகொண்டே சொல்கிறவர்களுக்கு இருபது.

மார்கழியில் உசிலம்பட்டி ஒச்சப்பன் வந்தார்,
தாயகம் திரும்பியோர் சான்றுக்கு.
கப்பல் டிக்கெட், பழைய குடும்ப அட்டை,
அப்புறம் துணியில் முடிந்த ஒரு தகரவில்லை.
அவருடைய அப்பாவுக்கு மண்டபம் முகாமில்
அம்மை ஊசி குத்தி, மூட்டையை ஆவியில் அவித்து,
இதைக் கழுத்தில் கட்டி அனுப்பினார்களாம் தேயிலைக்கு.
அதில் பெயர் இல்லை.
தோட்டத்து எண், ஆள் எண்.
"அப்பா போறப்ப கடல் ஒரு வாய்க்கா மாதிரி தம்பி.
நான் வர்றப்ப ரெண்டு சர்க்காரும் உக்காந்து
தேங்கா எண்ற மாதிரி எண்ணுச்சு,
இது உனக்கு, இது எனக்குன்னு.
இதையும் ஒரு காப்பி எடுங்க."
எடுத்தேன்.
தாளின் நடுவில் ஒரு கறுப்பு வட்டம் விழுந்தது,
கிணற்றை மேலிருந்து பார்த்தது போல.
அதற்கு மட்டும் காசு வாங்கவில்லை.

தை பிறந்து நாலாம் நாள்
ஆனையூர் முகாமிலிருந்து யோகமலர்.
வெளியேறும் அனுமதிக்கு விண்ணப்பம்.
"இந்தியாவுக்கு எந்த வழியா வந்தீங்க?"
"கடலால."
"அப்படிக் கட்டம் இல்லம்மா. விமானம், கப்பல், தரை."
"படகு எண்டு போடுங்கோ."
அதுவும் இல்லை.
பன்னிரண்டு பேர் ஏறும் படகில் முப்பத்தொரு பேர்,
நாலு வயசுப் பிள்ளை இருமாதபடி வாயில் துணி,
விடியமுன் ஏதோ ஒரு மணல்தீடையில் இறக்கிவிட்டுத்
திரும்பிப் போன ஓட்டி.
எல்லாவற்றையும் கேட்டுவிட்டு
கப்பலில் டிக் அடித்தேன்.

போகும் வழி: விமானம்.
மதுரையில் ஏறினால் கொழும்பு ஒரு மணி நேரம்.
பெரியாரிலிருந்து மேலூருக்கு டவுன் பஸ் போகும் நேரம்.
நோக்கம்: தகப்பனாரின் அந்தியேட்டி,
அடம்பன், முப்பத்தொன்றாம் நாள்.
அன்றைக்கு ஒன்பதாம் நாள் நடந்துகொண்டிருந்தது.

தாள் போனது.
கியூ பிராஞ்சு, தாசில்தார், இந்த எதிர்க் கட்டடம்,
பிறகு சென்னை.
இடையில் பொங்கல் லீவு, குடியரசு தினம்,
கையெழுத்துப் போடுகிறவருக்குக் கண் ஆபரேஷன்.

நாற்பத்து நாலாம் நாள் வந்தாள்.
வியர்வை காயவில்லை. தண்ணீர் கொடுத்தேன்.
"நோக்கத்தை மாத்தோணும் அண்ணை."
"என்னன்னு?"
"ஆட்டை."
பேனா நின்றது.
"ஆட்டையா? ஆட்டையெல்லாம்
பிளைட்டுல ஏத்த மாட்டாங்களேம்மா."
என்னைப் பார்த்தாள்.
முதலில் மூக்கால் ஒரு சத்தம்,
பிறகு அடக்கமுடியாத சிரிப்பு,
வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.
"ஆட்டைத் திவசம் அண்ணை.
வருசம் முடியிறது."

அடித்து எழுதினால் செல்லாது.
புதுப் பாரம் எடுத்தேன்.
பெயர், பிறந்த தேதி, முகாம் எண்,
மறுபடியும் கப்பல்.

"இன்னும் பத்து மாசத்துக்கு மேல கிடக்கு.
காணும்தானே?"
அவர்கள் காணும் என்றால் போதும் என்று பொருளாம்.
எங்கள் பக்கம் அந்தச் சொல்லுக்கு
அப்படி ஒரு நம்பிக்கை கிடையாது.

முப்பது ரூபாயை எண்ணி
மிஷின் மேல் வைத்தாள்.
அது இன்னும் சூடாக இருந்தது.