முன்னுக்குப் பின்

மே பதினேழு. யெல் தீவில் இரவு பத்தரைக்கும்
ஜன்னலில் வெளிச்சம் மிச்சமிருக்கிறது.
லௌரியின் ஆட்டுக்கணக்கு என் மடிக்கணினியில்:
இருநூற்றுப் பதினான்கு குட்டிகள்,
காதுப்பட்டை எண், தாயின் எண், பிறந்த தேதி,
செத்திருந்தால் அந்தத் தேதி,
கடைசியில் வயது.

வயதுக் கட்டங்களில் சிலவற்றில்
நம்பும்படி ஏதோ எண்.
சிலவற்றில் பிழை, பிழை என்று கூச்சல்.
மற்றதிலெல்லாம் ##### என்று வேலி.
இடம் போதவில்லை போலும் என்று
கட்டத்தை இழுத்து அகலமாக்கினேன்.
வேலியும் கூடவே நீண்டது.

போனில் சொன்னேன்:
உன் குட்டிகள் பல இன்னும் பிறக்கவே இல்லையாம்.
அப்படியா, என்றான் லௌரி,
அப்போது என் கையுறையை மென்றுகொண்டிருப்பது யார்?

கணினி, அக்கா மகன் ஹூஸ்டனிலிருந்து அனுப்பியது.
அங்கே மாதம் முந்திக்கொள்ளும்.
எங்களுக்கு நாள்தான் முதலில்.
லௌரி 8/4 என்று எழுதினால் ஏப்ரல் எட்டு,
ஆலங்கட்டி விழுந்த காலை.
அது படித்ததோ ஆகஸ்ட் நான்கு.

பன்னிரண்டைத் தாண்டிய தேதிகள் தப்பித்தன.
இருபத்து மூன்றாம் மாதம் என்று ஒன்று கிடையாதென
அதற்கும் தெரிந்திருக்கிறது.
புரியாததை வெறும் எழுத்தாக விட்டு
கட்டத்தின் இடப்பக்கம் ஒதுக்கிவிட்டது,
மழைக்குக் கற்சுவரோரம் ஒண்டுகிற ஆடுகளைப் போல.
அவற்றால் ஆபத்தில்லை.
புரிந்துவிட்டதாக அது நினைத்தவைதான்
வலப்பக்கம், நேராக, ஒழுங்காக, பொய்யாக நின்றன.
(லெர்விக் மீன் ஏலக்கூடத்தில்
எனக்கு அப்படி ஒரு மேலாளர் இருந்தார்.)

இடப்பக்கத்தவை எளிது.
நெடுவரிசையைத் தேர்ந்தெடு. பிரி.
அடுத்து. அடுத்து. நாள், மாதம், ஆண்டு. முடி.
ஒரே தாவலில் அத்தனையும் வலப்பக்கம் வந்து சேர்ந்தன.

சேர்ந்த பிறகுதான் உறைத்தது.
எது முன்பே சரி, எது இப்போது சரியானது,
எது இன்னும் பொய், இனி யார் சொல்வது?
எல்லாமே ஒரே பக்கம் பார்த்து நிற்கின்றன.
மீட்கும் பொத்தானைக் கண்டுபிடித்தவருக்கு
இந்தத் தீவில் ஒரு சிலை வைக்கலாம்.

மறுபடி, முதலிலிருந்து.
முதலில் பொய்களைப் பிடித்தேன். சூத்திரம் சின்னதுதான்:
ஆண்டு ஆண்டாகவே இருக்கட்டும்,
மாதத்தை நாளாக எடு, நாளை மாதமாக எடு.
கலைத்தவன் போன வழியிலேயே
இன்னொரு முறை கலைப்பது.

எண்பத்தெட்டும் எண்பத்தொன்பதும் இரட்டை. மே ஐந்து.
எப்படிப் புரட்டினாலும்
ஐந்தாம் மாதம், ஐந்தாம் தேதி.
இந்தக் கலவரம் நடந்ததே அவற்றுக்குத் தெரியாது.

நாற்பத்தொன்று வந்தது.
பிறந்தது 9/4. இறந்தது 11/4.
கணினியின் கணக்கில்
அது செப்டம்பர் நான்கில் பிறக்கப்போகிறது,
நவம்பர் நான்கு வரை இருக்கப்போகிறது.
வயது: 61.
நான் முதலில் நம்பியதே அந்த எண்ணைத்தான்.

எழுந்து போய்த் தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன்.
வெளியே ஒரு குட்டி கத்தியது,
எண் தெரியவில்லை. அது லௌரியுடையது கூட இல்லையோ என்னவோ.
திரும்பி வந்தபோது
அறுபத்தொரு நாள் அப்படியே திரையில் இருந்தது,
பனிக்காலம் தொடங்கும்வரை புல்.

சூத்திரத்தைக் கீழே இழுத்தேன்.
2.

பதினொன்றரைக்கு லௌரி கூப்பிட்டான்.
தடுப்பூசி எப்போது என்றான்.
வயது வந்துவிட்டது, முதல் கூட்டத்துக்குத் திங்களன்று, என்றேன்.
எத்தனை குப்பி வாங்க?
இருநூற்றுப் பதின்மூன்றுக்குக் கணக்குப் போடு.
கொஞ்ச நேரம் காற்று மட்டும் கேட்டது.
ஆமாம், என்றான்,
அது சரிதான்.