சரக்கு எடை

இருபது வளைவு.
அடிவாரத்தில் பஸ் ஏறுகிற எல்லாருக்கும் தெரியும்.
ஒவ்வொன்றிலும் பலகை நட்டு
எண் எழுதியிருக்கிறார்கள்,
வாந்தி வருகிறவர்கள்
எண்ணிக்கொண்டே வர வசதியாக.

நான் சேகோ ஆலையில் எடைமேடைக் கணக்கு.
மரவள்ளிக்கிழங்கு லாரியைச்
சுமையோடு ஒருமுறை, காலியாக ஒருமுறை
எடைபோட்டு,
மொத்தத்தில் வண்டியைக் கழித்து
சரக்கு இவ்வளவு என்று சீட்டில் எழுதுவது என் வேலை.
பத்தொன்பது வருஷம்.
நாற்காலிக்கு என் உருவமே வந்துவிட்டது.

சூரமங்கலத்தில் ஜாபரிடம்
பழைய கியர் சைக்கிள் ஒன்று விலைபேசியபோது
யாருக்கு என்றார்.
எனக்கு என்றேன்.
ஒன்றும் பேசாமல்
சீட்டை இரண்டு அங்குலம் இறக்கினார்.

முதல் ஞாயிறு.
அஸ்தம்பட்டி தூங்கிக்கொண்டிருந்தது,
கோரிமேடு பால் வாங்கிக்கொண்டிருந்தது.
செக்போஸ்ட் தாண்டிக் கொஞ்ச தூரம்தான்,
மூச்சு வேறு யாருடையதோ போல் இரைந்தது.
ஒன்று என்று எழுதிய பலகையைக்கூடப் பார்க்கவில்லை.
மூட்டைக்கு எண்போடும் சாக்பீஸ்
பையில் கிடந்தது.
தடுப்புச் சுவரில் ஒரு கோடு கிழித்துவிட்டு
உருட்டிக்கொண்டே இறங்கினேன்.

அடுத்த வாரம் அந்தக் கோட்டுக்கு மேல்
ஒரு புளியமரம்.
அதற்கடுத்த வாரம் புளியமரத்துக்கு மேல்
மண் சரிந்த ஓர் இடம்.
கோடு.
கோடு.
சில வாரம் கோட்டின்மேலேயே கோடு.

"பூவாயிக்கா, ஏற்காட்டுக்கு பஸ் உடறாங்க,
தெரியாதா உங்களுக்கு?"
ஆலையில் தங்கவேல் கேட்டான்.
தெரியும் என்றேன்.

ஏழாம் வளைவில் மூன்று வாரம் நின்றேன்.
அது வளைவல்ல, செங்குத்துச் சுவர்.
குரங்குகளுக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது,
வாழைப்பழத்தோடு வந்து
வாழைப்பழம் இல்லாமல் இறங்குகிறவள் என்று.
மூன்றாம் வாரம் அழுதேன்.
யாரும் பார்க்கவில்லை என்று எழுதலாம்.
ஒரு டூரிஸ்ட் வேன் முழுக்கப் பார்த்தது.

நம்பிக்கை நம்பிக்கை என்கிறார்களே,
அது எனக்கு ஒருநாளும்
நெஞ்சில் விளக்காக எரிந்ததில்லை.
சனிக்கிழமை ராத்திரி
பாட்டிலில் தண்ணீர் பிடித்து வைப்பேன்.
மாற்று டியூப் ஒன்றை மடித்துப் பையில் போடுவேன்.
பஞ்சர் ஆகிற தூரம் வரைக்கும் போவேன் என்று
என் கைக்கு எப்படியோ தெரிந்திருந்தது.
அவ்வளவுதான்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாமல் மழை.
ஞாயிறு போய்ப் பார்த்தால்
என் கோடு ஒன்றுகூட இல்லை.
கடைசியாகக் கிழித்தது
பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே,
ஒரு சில்வர் ஓக் மரத்துக்கு எதிரே.
சில்வர் ஓக் எல்லாவற்றுக்கும் ஒரே முகம்.
இதுவா,
இல்லை, அடுத்ததா,
எங்கே நிறுத்துவது என்று தெரியாமல்
தேடிக்கொண்டே மிதித்தேன்.
பலகை வந்தது.
பதினான்கு.

இறங்கித் தொட்டுப் பார்த்தேன்,
பெயிண்ட் ஈரமாக இருக்குமோ என்பதுபோல.
அதற்குப் பிறகு சாக்பீஸை
மூட்டைக்குத்தான் எடுத்தேன்.

இருபது, தை மாசம் வந்தது.
ஒரே பனி.
கீழே சேலம் இருந்த இடம்
மாவுப்பால் இன்னும் தெளியாத தொட்டி மாதிரி.
எந்தத் தெரு என் தெரு என்று காட்டக்கூட முடியாது,
காட்டுவதற்கு யாரும் இல்லை.
பலகைக்குப் பின்னால்
சாலை பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.
ஏரிக்கு இன்னும் தூரம் கிடக்கிறது என்றார்
ஆரஞ்சு கூறுகட்டி வைத்திருந்தவர்.

நின்று கணக்குப் போட்டேன். தொழில் புத்தி.
மொத்தத்தில் சைக்கிளைக் கழி.
உடம்பைக் கழி.
வேன் ஜன்னல் முகங்களைக் கழி.
மேலே வந்து சேர்ந்த சரக்கு எவ்வளவு?
முள் ஆடிக்கொண்டே இருந்தது.
சீட்டைக் காலியாகத்தான் விட்டேன்,
முதன்முறையாக.

இரண்டு ஆரஞ்சு வாங்கினேன்.
ஒன்றை அங்கேயே தின்றேன், புளிப்பு.
மற்றது தங்கவேலுக்கு.
பஸ்ஸில் வந்த பழம் என்றே
நினைத்துக்கொள்ளட்டும்.