வானிலைப் பெட்டி

ஏழு வருடத்துக்கு முன்னால் ஒட்டினேன்.
ஒரே வரி. இரவல் வரி.
ஹீயுமா தீவுக்குப் படகுச் சீட்டு விற்கும் எங்கள் பக்கத்தில்
வலது மூலையில்
காற்றின் திசை காட்டும் சிறு பெட்டி.

இலவசம் என்றிருந்தது.
கடலில் பனிக்கட்டி உடையும் மார்ச்சில்
எல்லோரும் கேட்பது ஒன்றுதானே:
நாளைக்குப் படகு போகுமா?

செய்தவர் யாரென்று தெரியாது.
யாரோ ஒரு வானிலைப் பித்தர்,
நல்லவராகத்தான் இருந்திருப்பார்.
இறந்தாரோ, சலித்தாரோ,
அந்த முகவரிக்கு வருடா வருடம் கட்டும் பணத்தைக் கட்டவில்லை.
பதினோரு யூரோவுக்கு வேறொருவர் வாங்கினார்.
பெயர் அதே பெயர்.
பெயரைத்தானே நான் நம்பியிருந்தேன்.

காற்றைப் பற்றி அது பொய் சொல்லவில்லை,
அதையும் சொல்லியாக வேண்டும்.
வடமேற்கு, நொடிக்குப் பதினான்கு மீட்டர் என்றால்
பதினான்கேதான்.
ஓரத்து நீலம்கூட மாறவில்லை.
கீழே யாராவது அட்டை எண் தட்டும்போது மட்டும்
ஒவ்வொரு இலக்கமாக
உடன் படித்துக்கொண்டிருந்தது,
வரிசையில் பின்னால் நிற்பவன்
தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பதுபோல.
இல்லை, அப்படிக்கூட இல்லை.
பின்னால் நிற்பவனை நான் துரத்தியிருப்பேன்.
இது என் நாற்காலியில் உட்கார்ந்து
என் சட்டையைப் போட்டுக்கொண்டு
கை நீட்டி வாங்கியது.

நாற்பத்தொரு நாள்.

முதலில் வந்தவர் எண்டெல்,
கலங்கரை விளக்கத்துக்கு வெள்ளையடிக்கப் போகிறவர்.
சீட்டு எடுத்த அட்டையில்
பார்த்தேயிராத ஊரில் மூன்று சோடிக் காலணி.
"என் பாதம் நாற்பத்தாறு, விர்வே.
இதெல்லாம் முப்பத்தெட்டு" என்றார்,
அதுதான் பெரிய அநியாயம் என்பதுபோல.

தாலினிலிருந்து வந்த லீஸ்பெட்
கோபிக்கவேயில்லை. காபிக்கு இன்னொரு கரண்டி சர்க்கரை கேட்டாள்.
திரையை என் பக்கம் திருப்பினாள்.
"சட்டத்துக்குள் அடைத்திருந்தால் அது வெறும் சன்னல்.
நீங்கள் நேராக உள்ளேயே எழுதியிருக்கிறீர்கள்.
உங்கள் பக்கம் செய்வதெல்லாம் அதுவும் செய்யும்."
பிறகு மற்றவர்களை எண்ணினாள்.
எழுத்துரு, வரைபடம், இதயக் குறி,
வந்தவர்களை எண்ணும் ஒன்று, அதையே எண்ணும் இன்னொன்று.
பதினேழு.
ஐந்தைத்தான் எனக்கு ஞாபகம்.

இடம் கொடுத்தால் மடம் பிடுங்குமாம்.
இது மடத்தைத் தொடவில்லை.
விளக்கேற்றியது, வேளை தவறாமல் மணியடித்தது,
கை மட்டும் உண்டியலுக்குள்.

முந்நூற்றுப் பன்னிரண்டு மன்னிப்புக் கடிதம்.
நூற்றி நாற்பதில் நிற்கிறேன்.

பெட்டியை எடுத்தாயிற்று.
பழக்கத்தில் இன்றும் கண் போகிறது
வெறுமையான அந்த வலது மூலைக்கு.
தொலைபேசியில் யாரோ:
நாளைக்குப் படகு போகுமா?
எழுந்து போய்க் கதவைத் திறந்தேன்,
முகத்தை வெளியே நீட்டினேன்,
திரும்பி வந்து சொன்னேன்:
வடமேற்கு.
எவ்வளவு என்று தெரியவில்லை.