இடப்பக்கம்

விடியமுன் சங்கிலியை
இரண்டு முளைகளுக்கிடையில் நீட்டிப் பார்ப்போம்.
நூறு கண்ணி. நேற்றைய இழுவையில்
அரை விரல் வளர்ந்திருக்கும்.
பார்ட்லெட் துரை அதைக் கொப்பியில் எழுதுவார்,
பிள்ளையின் உயரத்தைச் சுவரில் குறிப்பவர்போல.

பனங்கட்டி கடித்துக் கோப்பி. பிறகு கொயினா.
துரை அந்தக் கசப்பை விழுங்கும்போது
நாங்கள் வேறெங்காவது பார்ப்பது வழக்கம்.

ஆதம்பாவா கத்தியோடு முன்னே போவான்.
வீரையும் முதிரையும் சாயச் சாய
தம்பலகாமத்துப் பின்காட்டில்
ஓர் ஆள் அகலத்துக்கு வெளிச்சம் விழும்.
அந்த வெளிச்சத்தின் தொங்கலில்
கொடிக்கம்போடு நிற்பது என் வேலை.

குரல் எட்டாத தூரம். கை மட்டும்தான் பேச்சு.
அவருடைய இடம் என்னுடைய வலம்,
அது பிடிபட எனக்கு ஒரு மாதம் போனது.
இரண்டு கையும் தலைக்குமேல் கூடினால்: ஊன்று.

ஒருநாள் குழாய்க்குள் பார்க்கவிட்டார்.
ஆதம்பாவா மண்ணிலிருந்து தொங்கியபடி
மேல்நோக்கி வெற்றிலை துப்பினான்.
சிரிக்க வாயெடுத்தேன், சிரிக்கவில்லை.
என்னையும் நாள் முழுக்க
இப்படித்தானே பார்க்கிறார்.

ஆவணி பதினொன்று.
இடக்கை நீண்டது, நகர்ந்தேன்.
வலக்கை, நகர்ந்தேன். மறுபடி இடக்கை.
கம்பை ஆட்டாதே என்று அவர் ஏசுவது தெரிந்தது,
சத்தம் வரவில்லை.
முள்ளுக்குள் நின்றேன், உண்ணிப் புல்லுக்குள் நின்றேன்,
ஒரு கறையான் புற்றின் மேலும் ஏறி நின்றேன்.
கோணநாயகர் சாட்சி, கம்பு ஆடவில்லை.

வெயில் உச்சியில் இரண்டு கையும் கூடின.
ஊன்றினேன். கொப்பியில் ஏறிற்று.
அந்த முளைக்கு இந்தப்புறம் அரசாங்கக் காடு.
சின்னாச்சியின் எள்ளுச் சேனையில்
நாலு பாகமும் இந்தப்புறம்.

பொழுதுபட வாடிக்குள் போனால்
கட்டிலின் கால் நாலும் நடுங்குகின்றன.
தண்ணீர்ப் பேணி அவர் பல்லில் தட்டுகிறது.
கொயினாக் குப்பியைக் கவிழ்த்துப் பார்த்தேன்,
தூள்கூட இல்லை.
எப்போது தீர்ந்ததென்று அவர் சொல்லவேயில்லை.

விடிய, கம்பளியில் ஏணை கட்டித் தூக்கினோம்,
கிண்ணியாத் துறைக்கு, தோணிக்கு.
முன்தோள் ஆதம்பாவா, பின்தோள் நான்.
எள்ளுச் சேனை ஓரம் வரும்போது
ஏணைக்குள்ளிருந்து இடக்கை எழுந்து நீண்டது.

இன்று எங்கள் இருவர் முகமும் ஒரே திசை.
அவருடைய இடம் என்னுடைய இடம்.
பாதையோ நேராய்த்தான் கிடந்தது.
"இடப்பக்கம்" என்றேன்.
ஆதம்பாவா ஏனென்று கேட்காமல்
பூத்த எள்ளுக்குள் இறங்கினான்.

காவற்குடிலிலிருந்து சின்னாச்சி ஏசத் தொடங்கினாள்.
அது நன்றாகக் கேட்டது.