பதினொரு மில்லிமீற்றர்

கபோஸ் லேனில் மஸாஹிர் நானா
மருதம்பட்டை என்றுதான் நிறுத்துத் தந்தார்,
ஒரு கிரிக்கெட்காரனின் பாதி முகத்தில் சுற்றி.
அவித்துக் குடிக்கவா, புண் கழுவவா?
கிருமியைக் கொல்ல, என்றேன்.
அதுக்கு டெட்டோல் இருக்கே பிள்ளை.

பொரளையில் மூன்றாம் மாடி.
ஒரே கட்டென்றாலும் துண்டுக்கொரு குவளை, என் பழக்கம்.
ஏழு குவளை. மெதனோல் தீரும் தறுவாயில்;
அடுத்த போத்தல் கப்பலில் என்று
ஆடியிலிருந்து சொல்கிறார்கள்.

இருபத்தேழாம் வார்ட்டு, ஒரு கால்புண்.
பெயரில்லை, இலக்கம்.
சீனி வருத்தம், பெருவிரல் எடுத்தாயிற்று
என்று மட்டும் குறிப்பு.
அதிலிருந்து வந்த கூட்டம்
ஐந்து மருந்து வில்லைகளின் ஓரம்வரை வந்து
படுத்துக்கொண்டது,
வாடகை கொடாதவனைப் போல.

ஆறு பட்டைகளும் வெறும் பழுப்பு.
ஏழாவதைச் சுற்றிக்
காலையில் தெளிந்த ஒரு வட்டம்.
வெறும் மெதனோலுக்கு அப்படி இல்லை.
இரேஷாவைக் கூப்பிட்டேன். அடிமட்டம் வைத்தோம்.
பதினொன்று.
திரும்ப வைத்தோம். பதினொன்று.
யாருக்கும் சொல்லாதே, என்றாள் சிங்களத்தில்,
கதவைச் சாத்திவிட்டு.

மீந்த நகக்கண் அளவுத் துணுக்கைத்
தாவரவியல்காரர் லென்ஸில் பார்த்தார்.
ஆறும் மருது. இது மருதில்லை.
வேறெது?
இலையும் பூவும் இல்லாமல்
பட்டைக்கு எப்படிப் பெயர் வைக்க, என்றார்.

நூற்றுமூன்றில் தொங்கிப் புறக்கோட்டைக்கு ஓடினேன்.
சாக்குக் காலி.
லொறி வந்தது, இறக்கினது, போனது.
மொனராகலையோ, அங்கால எங்கையோ.
கலப்படம் எண்டு பிடிக்கப் போறீங்களா?
அந்தக் கலப்படத்தைத்தான் தேடி வந்தேன் என்று
அவருக்கு எப்படிச் சொல்ல.

தட்டை அவித்துக் கொட்டினேன்.
குறிப்பேட்டில்: 7, அடையாளம் தெரியாது,
முடிவில் சேர்க்கவில்லை.
நேர்மையான வரிதான்.
எழுதிய பேனாவை அன்று முழுக்கத் தொடவில்லை.

வோர்ட் பிளேஸில் ஒரு வாகை.
இரசாயனவியல் டியூசன் பலகை,
நாலு ஆணி. ஆணியைச் சுற்றிப்
பட்டை தடித்து, பிசின் கறுத்து,
இரும்பை மெல்ல விழுங்கிக்கொண்டிருந்தது.
எவருடைய காலுக்காகவும்
மரம் கசப்பதில்லை.

திங்கட்கிழமை இருபத்தேழிலிருந்து
புதுப் பஞ்சுக்குச்சிகள் வரும்.
அந்த இலக்கம் இருந்தால்
கால் இன்னும் இருக்கிறது.